இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைச் சமன்செய்ய எந்தக் கருவியை வாங்கலாம்?

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம் கார்புரேட்டர். ஒரே இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யும் வேலையைப் பட்டறைகளில் பேலன்சிங் என்கிறார்கள். இதற்கென்றே விற்கப்படும் யூனிசின், சின்க்ரோமீட்டர் என்ற இரண்டு கருவிகளையும், கருவி வாங்க வேண்டியிராத இரண்டு வழிகளையும், சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட கருவியை வேலூரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதற்கு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்துச் சுங்க வரியும் கட்டிய பின்தான் அது நல்லதா இல்லையா என்பதே தெரியவரும் என்பதால், பணம் அனுப்பும் முன் இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பயன்படலாம்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்.யூ. என்பது அந்தக் காரில் உள்ள கார்புரேட்டர் வகையின் பெயர்; அதைப் பொறுத்தவரை, காற்று போகும் வழியில் குறுக்கே நிற்காத கருவிதான் நல்ல கருவி. அந்த வகையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டு, விலை உயர்ந்த மீட்டருக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. பெயர் பெற்ற யூனிசின் பின்னால் நின்றுவிடுகிறது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள எஸ்.யூ. வேலை செய்யும் விதத்தைச் சற்று பார்க்க வேண்டும்.

எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜின், நம் ஊர்க்காரர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதுவும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் அம்பாசிடரில் கை பழகிய தோட்டப்பாளையத்து மெக்கானிக் ஒருவர், இந்தக் காரின் பானெட்டைத் திறந்ததும் டேப்பட் கவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே வேலையில் இறங்கினார். வேறுபாடு கார்புரேட்டரில்தான் இருக்கிறது. எம்.ஜி.பி.யில் ஒன்றரை அங்குல வாய் கொண்ட எச்.எஸ்.4 வகை எஸ்.யூ. இரண்டு, இன்ஜினின் இடது பக்கத்தில் சற்றே சாய்வாக அமைந்துள்ளன. முன்னது முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும் பின்னது மற்ற இரண்டுக்கும் கலவையைக் கொடுக்கிறது.

எஸ்.யூ.வின் உள்ளே மேலும் கீழும் நகரும் பிஸ்டன் ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடான த்ராட்டில் திறக்கத் திறக்க, உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ப அந்தப் பிஸ்டன் தானே எழும்பி வழியைப் பெரிதாக்கிக்கொள்கிறது. அதன் அடியில் தொங்கும் ஊசி, ஜெட் என்ற துளையிலிருந்து வரும் பெட்ரோலை அளந்துவிடுகிறது. அதாவது பிஸ்டன் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு காற்று போகிறது என்று பொருள். காற்றை அளக்கும் மீட்டர் கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும்போது, வெளியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து வாயில் வைத்து அடைப்பதற்குத் தக்க காரணம் வேண்டும்.

யூனிசினில் அந்தக் காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளங்கை அளவுள்ள வட்டமான உலோகப் புனல், அதன் நடுவில் திருகி ஏற்றி இறக்கக்கூடிய தட்டு, பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு மிதவை: இவ்வளவுதான் கருவி. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் இதை அழுத்திப் பிடித்து, மிதவை குழாயின் நடுப்பகுதிக்கு வரும்வரை தட்டைத் திருக வேண்டும். பிறகு தட்டைத் தொடாமல் அடுத்த கார்புரேட்டருக்குக் கொண்டுபோய், அங்கும் மிதவை அதே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எளிமையான யோசனைதான், விலையும் இந்த வகையில் குறைவு, கைக்கு அடக்கமாகவும் இருக்கிறது. ஆனால் மிதவை மேலே வர வேண்டுமானால் தட்டைத் திருகிக் காற்று வழியைக் குறுக்கியாக வேண்டும். குறுக்கினால் கார்புரேட்டர் வாயில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவை அறையோ வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருக்கிறது. இந்த வேறுபாட்டால் ஜெட்டிலிருந்து கூடுதல் பெட்ரோல் மேலே வந்து கலவை ரிச்சாகிவிடுகிறது, அதாவது அதில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. கருவியை வைத்த மாத்திரத்தில் இன்ஜின் திணறுவதும் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் வேகம், இறங்குவதும் இதனால்தான். நாம் அளக்க வந்தது கருவி வைக்காத நிலையை. அளப்பதோ கருவியால் மாறிப்போன நிலையை. மருத்துவர் மணிக்கட்டை இறுகக் கட்டிவிட்டு நாடி பார்ப்பது போன்றது இது.

யூனிசினைக் கொண்டு வேலையே ஆகாது என்று சொல்லமாட்டேன். இரண்டு வாய்களிலும் ஒரே அளவு இடைஞ்சலைத்தான் அது செய்கிறது என்பதால், வைத்த இரண்டொரு நொடிக்குள் மிதவையைப் பார்த்துவிட்டு எடுத்துவிடும் கைப்பழக்கம் இருந்தால் பெரிய வேறுபாடுகளைக் கண்டுபிடித்துவிடலாம். குழாயை நேராக நிறுத்திப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் மிதவை சுவரில் ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டும். எம்.ஜி.பி.யில் கார்புரேட்டர் வாயே சாய்ந்திருப்பதால் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அவ்வளவு எளிதல்ல. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: எஸ்.யூ.வின் வாய் விளிம்பில், பிஸ்டனின் அடிப்பக்கத்துக்குக் காற்று செல்வதற்கான சிறு துளைகள் உள்ளன. கருவியின் விளிம்பு அந்தத் துளைகளை மூடிவிட்டால் பிஸ்டன் தன் இயல்பில் எழும்பாது, அப்போது மிதவை காட்டும் எந்த உயரத்துக்கும் பொருளில்லை. கருவியோடு வரும் குறிப்புத் தாளில் இந்த எச்சரிக்கை இருந்திருக்கலாம். என் கைக்கு வந்த தாளில் இல்லை.

சின்க்ரோமீட்டர் வேறு தரத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியில் செய்யப்படும் எஸ்.டி.இ. நிறுவனத்தின் எஸ்.கே. மாதிரியைத்தான் பார்த்தேன். கடிகாரம் போன்ற முகப்பில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ காற்று போகிறது என்பதை 1 முதல் 30 வரையிலான அளவுகோலில் முள் காட்டுகிறது. காற்று போகும் வழி இதில் அகலமாக இருப்பதால், வாயில் வைத்தவுடன் இன்ஜினின் ஓசையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அதைப் பாராட்டலாம். ரப்பர் விளிம்பு நன்றாகப் படிகிறது, உடல் திடமாக இருக்கிறது, முள்ளின் துடிப்பு ஐட்லிங்கில்கூடப் படிக்க முடியாத அளவுக்குப் போகவில்லை. எண்ணாகவே காட்டுவதால் இன்றைய அளவை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒப்பிட முடிகிறது. இந்த வசதி மற்ற வழிகளில் இல்லை.

இருந்தாலும், இரட்டை எஸ்.யூ. வைத்திருப்பவருக்கு இந்த எண்கள் எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டும் சமமா என்பது மட்டுமே; அது மணிக்கு ஐந்து கிலோவா ஆறு கிலோவா என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐட்லிங்கில் முள் அளவுகோலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுகொள்வதால், முப்பது வரை இருக்கும் அந்தப் பெரிய அளவுகோலின் பெரும்பகுதி நம் வேலைக்குப் பயன்படுவதே இல்லை. மொத்தம் நான்கு அல்லது ஆறு தொண்டைகள் (காற்று வழிகள்) வரும்படி வெபர் டி.சி.ஓ.இ. வகைக் கார்புரேட்டர்கள் பொருத்திய காருக்கு இது வேறு கதை. வெபரில் எழும்பும் பிஸ்டன் கிடையாது, உள்ளே எட்டிப் பார்த்து அறிய வழியில்லை, ஒவ்வொரு தொண்டையையும் தனித்தனியே அளந்தாக வேண்டும். அத்தகைய கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் சின்க்ரோமீட்டரை வாங்கலாம். எஸ்.யூ.காரர், வரியும் தபால் செலவும் சேர்த்து யூனிசினைவிட விலை கூடிய இதை, இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து பொதுவாக வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி ஸ்போக்ஸ் கம்பிக்கு வருகிறேன். எஸ்.யூ.வின் தலையில் இருக்கும் பிஸ்டன் சட்டென்று துள்ளாமல் தடுக்கும் டேம்பரின் மூடியைத் திருகிக் கழற்றினால், எண்ணெய் நிரம்பிய குழிந்த தண்டு ஒன்று தெரியும். அது பிஸ்டனோடு சேர்ந்தே எழும்பி இறங்கும். அந்தத் துளைக்குள் செருகி நிற்கும்படி ஒரு கம்பியை வைத்து, அதன் மறுமுனையை எதிர்க் கார்புரேட்டரை நோக்கி மடக்கிவிட்டால் அதுவே முள். இதே அமைப்பில் செய்த கம்பிகளை எஸ்.யூ. கருவிப் பெட்டிகளில் சேர்த்து வெளிநாட்டில் விற்கிறார்கள். நாங்கள் சைக்கிள் கடையில் இரண்டு ஸ்போக்ஸ் வாங்கி, இரண்டு இடங்களில் செங்கோணமாக மடக்கி, துளைக்குள் ஆடாமல் நிற்பதற்குக் கீழ்முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினோம். இரண்டு கம்பிகளின் நுனிகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்படி இன்ஜின் ஓடாத நிலையில் ஒழுங்கு செய்துவிட்டு, ஸ்டார்ட் செய்தவுடன் எந்த நுனி கூடுதலாக எழும்புகிறது என்று பார்ப்பதுதான் முறை. நுனிகள் அருகருகே நிற்பதால், பிஸ்டன் சற்றே அசைந்தாலும் நுனிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. காற்று வழியில் எதுவும் இல்லை, கையும் இரண்டும் காலி; ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே நுனிகளைப் பார்க்கலாம். யூனிசினிலோ சின்க்ரோமீட்டரிலோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பார்த்து, எடுத்து, திருகி, மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது.

இதன் உண்மையான பெருமை ஐட்லிங்கைத் தாண்டியபின் தெரிகிறது. ஐட்லிங்கில் பிஸ்டன்கள் அதிகம் எழும்புவதில்லை என்பதால் கம்பிகளின் அசைவும் குறைவு. ஆனால் த்ராட்டில் ஷாஃப்டுகளை இணைக்கும் கிளாம்புகளை இறுக்கிவிட்டு, இன்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஏற்றி நிறுத்தினால், ஒரு கார்புரேட்டர் முந்திக்கொண்டு திறக்கிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஐட்லிங்கில் அழகாகச் சமமாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒருபக்கமாக இழுக்கும் கோளாறு இந்தக் கார்களில் அடிக்கடி காணப்படுவது. பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது வரும் மெல்லிய குலுக்கலுக்கும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்து எழுப்பும்போது வரும் தயக்கத்துக்கும் பெரும்பாலும் இணைப்பில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். இதைக் கண்டுபிடிப்பதில் கம்பிகளை எந்த மீட்டரும் மிஞ்சவில்லை.

கம்பிக்கும் குறை உண்டு. அது காட்டுவது பிஸ்டனின் உயரத்தை. அந்த உயரம் காற்றின் அளவுக்குச் சமம் என்பது இரண்டு கார்புரேட்டரிலும் பிஸ்டனின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். எஸ்.யூ. ஸ்பிரிங்குகளுக்கு நிற அடையாளம் இருக்கிறது. எம்.ஜி.பி.க்கு உரியது நாலரை அவுன்ஸ் விறைப்புள்ள சிவப்பு. ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் மாறிய காரில், யாரோ ஒருவர் ஒரு பக்கம் மட்டும் எட்டு அவுன்ஸ் மஞ்சள் ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால், கம்பி நுனிகள் சமமாக நின்றாலும் காற்று சமமாகப் போகாது. சின்க்ரோமீட்டரை அப்படி ஏமாற்ற முடியாது. ஆகவே கம்பியை நம்பும் முன், இரண்டு தலைகளையும் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்ப்பதும், பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் தடையில்லாமல் இறங்கி ‘டக்’கென்று உலோக ஓசையோடு உட்காருகிறதா என்று சோதிப்பதும் அவசியம். டேம்பரைக் கழற்றியிருப்பதால் ஆக்சிலரேட்டரைச் சடாரென்று முறுக்கவும் கூடாது. வேலை முடிந்தபின் எண்ணெய் அளவைப் பார்த்து, இருபதாம் எண் கிரேடு எண்ணெய் ஊற்றி மூடியைத் திருக வேண்டும்.

மெக்கானிக்குக் கம்பியும் தேவைப்படவில்லை. அவர் அரை மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் ஒரே இடத்தில் பிடித்து, ‘உஸ்’ என்ற ஓசையை ஒப்பிட்டே ஸ்க்ரூவைத் திருகினார். "ரெண்டும் ஒரே மாதிரி ஊதுதான்னு கேளு சார், அது போதும்" என்றார். அவர் முடித்தபின் சின்க்ரோமீட்டரை வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் முள்ளின் தடிப்பு அளவுக்குத்தான் வேறுபாடு இருந்தது. இதை நான் முறையைப் பாராட்டுவதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காதைப் பாராட்ட வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறையில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும்போது எல்லோருக்கும் இது கைவராது. டியூபைக் காதில் வைத்துக் குனிபவர்கள், முன் கார்புரேட்டருக்கு அருகில் விசிறி சுழல்கிறது என்பதை மறக்காமல், தோளில் கிடக்கும் துண்டை முதலில் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும்.

நான்கு சிலிண்டர் பைக்குகளுக்கு விற்கப்படும் வேக்குவம் கேஜ் செட்டை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பயன்படுத்த முடியாது. எம்.ஜி.பி.யின் இன்டேக் மேனிஃபோல்டில் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் பேலன்ஸ் குழாய் இருப்பதால், ஒரு கார்புரேட்டர் கூடுதலாகத் திறந்திருந்தாலும் இரு பக்கத்து வேக்குவமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உள்ள இன்ஜினுக்கு மட்டுமே அந்தக் கேஜ் பொருந்தும்.

மேலே சொன்ன எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குருட்டுப் புள்ளி ஒன்று இருக்கிறது. த்ராட்டில் ஷாஃப்டு தேய்ந்து, அதன் துளை நீள்வட்டமாகிப் போயிருந்தால், அந்த இடைவெளி வழியாகக் காற்று களவாக உள்ளே போகும். வாயில் வைக்கும் மீட்டருக்கும் பிஸ்டனில் நிற்கும் கம்பிக்கும் அந்தக் காற்று தெரியாது; இரண்டும் சமம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஐட்லிங்கோ ஒருநாளும் நிலைக்காது. ஷாஃப்டின் முனைகளில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்து, இன்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்த்தால் உண்மை வெளியாகிவிடும். மாறினால் கருவி வாங்கும் பணத்தை எடுத்து வைத்து, முதலில் நல்ல லேத் பட்டறையில் தேய்ந்த துளைக்குப் புஷ் அடித்துக்கொள்வதே சரி. அதேபோல் டேப்பட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), பாயிண்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங் ஆகியவை ஒழுங்காக இல்லாமல் கார்புரேட்டரைத் தொடுவதில் பயனில்லை.

கலவையைச் சரிபார்க்க கன்சன் நிறுவனத்தின் கலர்டியூன் என்ற கண்ணாடி பிளக்கையும் பார்த்தோம். ஸ்பார்க் பிளக்கின் இடத்தில் இதைத் திருகினால், உள்ளே எரியும் நெருப்பின் நிறம் தெரியும். மஞ்சளாக எரிந்தால் ரிச், வெளிறிய நீலமாக எரிந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), அழுத்தமான நீலம் சரி. இது சமன்செய்யும் கருவியல்ல, ஆனால் சமன்செய்தபின் அடுத்த வேலைக்கு இதைவிடத் தெளிவான துணை கிடையாது. வேலூர் வெயிலில் நண்பகலில் ஒன்றுமே தெரியாது என்பதால், பொழுது சாய்ந்தபின் பார்ப்பதே நல்லது. இன்ஜினும் அப்போதுதான் நின்ற இடத்தில் கொதிக்காமல் இருக்கும். முன் கார்புரேட்டருக்கு ஒரு சிலிண்டர், பின்னதற்கு ஒரு சிலிண்டர் என்று மாற்றிப் பார்த்தால் போதும். நடுநடுவே இன்ஜினை 2000 சுற்றுக்கு அரை நிமிடம் ஏற்றி, சேர்ந்த பெட்ரோலை எரித்துவிட வேண்டும். ஆனால் கண்ணாடி பிளக் உள்ளே இருக்கும்போது காரை ஓட்டக் கூடாது, அது பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கலர்டியூன் எங்களுக்கு உடனடியாக ஒரு செய்தி சொன்னது. பெட்ரோலை முழுதாக எரிக்க அதன் எடையைப் போலப் பதினான்கு மடங்குக்கும் மேல் காற்று தேவை. எத்தனாலுக்கு ஒன்பது மடங்கே போதும். அதனால் பழைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த அமைப்பு இப்போது லீனாக எரிகிறது. இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட்டின் அடியில் உள்ள ஆறுபக்க நட்டை ஒவ்வொரு முகமாகச் சமமாக இறக்கிக்கொண்டு வந்தபோதுதான் நீலம் அழுத்தமானது. கலவை மாறினால் ஐட்லிங் வேகமும் மாறும் என்பதால், அதன்பின் கம்பிகளைச் செருகிச் சமநிலையை மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் ஏர் ஃபில்டரை மாட்ட வேண்டும். மாட்டும்போது கேஸ்கெட்டில் உள்ள துளைகள் கார்புரேட்டர் விளிம்பிலுள்ள காற்றுத் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்து மாட்டுங்கள்; தலைகீழாக வைத்தால் அவை அடைபட்டு, இவ்வளவு நேரம் செய்த வேலை முழுவதும் வீணாகிவிடும்.